என் மாற்று வேட்பாளர்

என் மனைவியை உள்ளாட்சிக்குக் கொண்டுவந்தவன் நான்தான். இப்போது எங்கள் ஊரில் யாரும் இதைச் சொல்வதில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

2001இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது நான் பேரூராட்சிச் செயல் அலுவலராக ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாவட்டத்தில் பல பேரூராட்சிகளில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊரில் வந்து உட்கார்ந்திருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்குப் பக்கத்தில், வீட்டுக் கொல்லையிலிருந்தே மலை ஏறத் தொடங்கும் ஊர். முன்பக்கம் நெல், பின்பக்கம் கேரளா. ஒரு பேரூராட்சி எப்படி நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. இதில் தற்பெருமை ஒன்றும் இல்லை. மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா எப்போது போக வேண்டும், எந்தத் தீர்மானம் மன்றத்தோடு நிற்கும், எது மேலிடம் வரை போக வேண்டும், டெண்டருக்கு ஒருவர் மட்டும் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை என்பதுதான் ஓய்வின் சங்கடம்.

எங்கள் வார்டு அப்போது பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பெண்கள் வார்டு என்றால் எங்கள் பக்கம் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். போஸ்டரில் மனைவி பெயர் இருக்கும், கணவன் படம் சற்றுப் பெரிதாக இருக்கும். ஜெயித்த பிறகு கணவன் மன்ற அலுவலகத்துக்கு வந்து நாற்காலி போடச் சொல்வான். நான் பதவியில் இருந்தபோது அப்படிப்பட்ட கணவர்கள் பலரை வெளியே நிறுத்தியிருக்கிறேன். என் விஷயம் வேறு. அவர்களுக்கு விதி தெரியாது, எனக்குத் தெரியும்.

மனைவியிடம் சொன்னபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அனுமந்தன்பட்டியில் பிறந்தவள். பத்தாவது வரை படித்தவள். என் வேலைக்காலம் முழுவதும் நான் அலுவலகக் கதை சொல்ல, "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தவள்.

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள். "நீங்க பாத்துக்கிருவீகன்னா சொல்லுங்க. எங்கன கையெழுத்துன்னு காட்டுனாப் போட்டுட்டு வந்துர்றேன்."

இதைவிடச் சிறந்த உறுப்பினர் ஒரு செயல் அலுவலருக்குக் கிடைக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஜெயித்தாள். என் பேருக்காகத்தான் ஓட்டு விழுந்தது என்று அப்போது நம்பினேன். அந்த ஒரு தேர்தலைப் பற்றி இன்றும் அப்படியே நம்புகிறேன்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. எங்கள் வார்டில் ஒரு சமுதாயக் கூடம். காதுகுத்து, நிச்சயதார்த்தம், ரேஷன் கார்டு முகாம், தேர்தல் வாக்குச்சாவடி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கூடம். பழைய ஆடு அடிக்கும் கொட்டகை இருந்த புறம்போக்கில் அதற்கு இடம் இருந்தது. வரைபடம் நானே போட்டேன். உத்தேச மதிப்பீட்டை நானே தயாரித்தேன். அடிக்கல்லில் என்ன வாசகம் வர வேண்டும் என்பதுகூட முடிவாகியிருந்தது. உறுப்பினர் பெயர்தான் வரும், என் பெயர் வராது. அதையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு திட்டத்தை மன்றத்தில் வைக்குமுன் வார்டு மக்களைக் கூட்டி ஒப்புதல் பெறுவது நல்ல நடைமுறை. தண்டோரா போட்டு, பள்ளிக்கூடத்தில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தேன். வந்தவர்கள் ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியர்கள், தபால்காரர், உரக்கடைக்காரர், வெயிலுக்கு ஒதுங்கிய சிலர். கூடம் வேண்டும் என்று ஏகமனதாக முடிவானது. டீ சாப்பிட்டோம். மனைவி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "நம்ம வார்டுல பொம்பளைகளே இல்லையாங்க?"

இருந்தார்கள். ஆனால் பதினொரு மணிக்கு இல்லை. எங்கள் வார்டில் பாதி வீட்டுப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன் ஜீப்புகள் வந்து தெருமுனையில் நிற்கும். ஒவ்வொரு ஜீப்பிலும் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்கு மோட்டார் வாகனச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, டிரைவர் வேறொரு கணக்கு வைத்திருப்பான். குமுளி மலை ஏறி, செக்போஸ்ட் தாண்டி, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து போவார்கள். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். வந்ததும் சோறு பொங்க வேண்டும். அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட எந்த நேரமும் நேரமல்ல.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் மனைவி வீட்டில் இல்லை. காபி பிளாஸ்கில் இருந்தது. ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். சேலை முழுக்க ஏலக்காய் மணம், தலையெல்லாம் பனி.

"எங்கே போனாய்?"

"ஜீப்புலதாங்க. குமுளி வரைக்கும் அவுக கூடப் போயிட்டு பஸ்ல வந்துட்டேன். அம்புட்டுப் பேரும் அங்கனதான இருக்காக. போற நேரமெல்லாம் சும்மா வாயடிச்சுக்கிட்டுத்தான் போறாக. அதுல நம்ம விசயத்தையும் பேசிக்கிட்டோம்."

அதாவது என் மனைவி ஓடுகிற ஜீப்பில் வார்டு கூட்டம் நடத்தியிருக்கிறாள். கூட்டம் என்றால் இடம், நேரம், அறிவிப்பு, தலைமை எல்லாம் வேண்டும் என்று விளக்கினேன். அதோடு, வேறொரு மாநிலத்தில் வைத்து எடுத்த முடிவு எங்கள் பேரூராட்சியைக் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னேன்.

"வேற மாநிலம் இல்லைங்க," என்றாள். "கடைசி வளைவுக்குள்ளயே பேசி முடிச்சாச்சு. செக்போஸ்ட்டுக்கு இங்கனதான்."

அவர்கள் எடுத்த முடிவு கூடம் அல்ல. குழாய்த் தண்ணீர். எங்கள் வார்டுக்குக் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். ஏழு மணிக்கு அந்தப் பெண்கள் மலையில் இருப்பார்கள். தண்ணீர் பிடிக்க வீட்டில் கிழவியோ பிள்ளையோ இருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் இல்லை. அதை விடியுமுன் விட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

மன்றக் கூட்டத்துக்கு அவளுக்கு ஒரு உரை எழுதிக் கொடுத்தேன். கூடத்தின் அவசியம் பற்றி இரண்டு பக்கம், கடைசியில் தண்ணீர் பற்றி ஒரு வரி. அவள் அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தலைவர் செயல் அலுவலரைப் பார்த்தார். செயல் அலுவலர் குழாய் திறப்பவரைக் கூப்பிட்டார். அவர், "அதுக்கென்ன, நானும் அந்நேரம் முழிச்சுத்தான் கெடக்கேன்," என்றாராம். மறுநாளிலிருந்து தண்ணீர் இருட்டோடு வந்தது.

நான் அன்று உணர்ந்ததைப் பொறாமை என்று சொல்லக் கூடாது என்று பார்த்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை. ஒரு திட்டம் என்றால் மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், அடிக்கல், பணி முடிப்புச் சான்று என்று போக வேண்டும். என் வேலைக்காலத்தில் நான் கொண்டுவந்த ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கோப்பு உண்டு. இவள் ஒரு கோப்பும் இல்லாமல் ஒரு தெருவுக்கே தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். இதை எங்கே பதிவது? என் கூடம் அந்த வருடம் பக்கத்து வார்டுக்குப் போனது. திறப்பு விழாவுக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. அதில், 'கவுன்சிலர் அவர்களும் கணவரும்' என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருநாள் ஜீப் என்பது வழக்கமாகிவிட்டது. அவள் போகும் நாளில் எனக்கும் முழிப்பு வந்துவிடும். தெருமுனையில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்கும். "அக்கா வந்துட்டாக, தள்ளி உக்காருங்கடி!" என்ற குரல் கேட்கும். அப்புறம் ஒரு கூட்டச் சிரிப்பு. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று படுத்தபடியே காதைத் தீட்டுவேன். ஜீப் உறுமி மேலே ஏறிவிடும். என் வாழ்க்கை முழுவதும் நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் சிரிப்பு நிற்கும். அது பதவிக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைத்திருந்தேன். இவள் ஏறினால் சிரிப்பு ஆரம்பமாகிறது. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "அக்கா இருக்காகளா?" என்பார்கள். என்ன விஷயம் என்று நான் கேட்டால், "ஒண்ணுமில்லைங்கய்யா, சும்மாதான்," என்று வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். முதியோர் பென்ஷன் விண்ணப்பம் எழுத இந்த ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அந்தச் சும்மா வந்தவர்கள் அவள் வரும் வரை காத்திருந்து அவளிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லி, நான் எழுதிக் கொடுத்து, அவள் அதை அவர்களிடம் கொடுப்பாள். "அக்கா எழுதிக் குடுத்தாக," என்று ஊரில் சொல்வார்கள். ஜீப் நிற்கும் இடத்தில் கூரையும், பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் வந்தன. அதற்குக் கோப்பு உண்டு. கோப்பு முழுக்க என் கையெழுத்து. திறந்து வைத்த அன்று எல்லோரும் அவளுக்குச் சால்வை போட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து அதை மடித்து என் அலமாரியில் வைத்தாள், அவளுடையது நிரம்பிவிட்டது என்பதால்.

இப்படி ஐந்து வருடம் போனது. 2006இல் எங்கள் வார்டு பொது வார்டாக மாறியது. அறிவிப்பைப் பலகையில் ஒட்டிய அன்றே போய்ப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். இனி யார் பெயரிலும் நான் நிற்க வேண்டியதில்லை.

மனைவியிடம் சொன்னேன். "ரொம்ப நல்லதுங்க. எனக்கும் முழங்கால் வலிக்குது. நீங்களே நில்லுங்க," என்றாள். அந்தப் பேச்சில் வருத்தமோ வஞ்சகமோ இல்லை. நான் தேடிப் பார்த்தேன். இல்லை.

தேர்தலில் நிற்பவர்கள் மாற்று வேட்பாளர் ஒருவரையும் மனுத்தாக்கல் செய்ய வைப்பது வழக்கம். பரிசீலனையில் நம் மனு தள்ளுபடியானால் மாற்று வேட்பாளர் இருப்பார், நம் மனு ஏற்கப்பட்டால் அவர் வாபஸ் வாங்கிக்கொள்வார். என் மனுவில் தள்ளுபடி செய்ய ஒன்றும் இருக்காது. என்றாலும் நடைமுறை என்று ஒன்று உண்டு. என் மனுவை நான் பூர்த்தி செய்தேன், மனைவியின் மனுவையும் நானே பூர்த்தி செய்தேன். இருவருக்கும் டெபாசிட் நானே கட்டினேன். எனக்கு மேசை விளக்குச் சின்னம் கேட்டிருந்தேன். அவள் மனுவில் பட்டியலில் யாரும் தொடாமல் கிடந்த கத்தரிக்கோலை எழுதினேன். எதிர்ப்பக்கம் உரக்கடைக்காரர் நின்றார். இரண்டு மனுக்களும் ஏற்கப்பட்டன.

வாபஸ் வாங்கக் கடைசி நாள் மழை. புரட்டாசியிலேயே அடைமழை, மலை கண்ணுக்கே தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்து ஜீப் நாள். போக வேண்டாம் என்றேன்.

"கடைசி வாரம்ங்க. இனிமே நான் வர மாட்டேன்னு சொல்லிட்டு, ஒங்களைப் பத்தியும் சொல்லிட்டு வந்துர்றேன். ஒம்பது மணி பஸ்சுக்கு வந்துருவேன். மூணு மணிக்குத்தான கெடு?"

எனக்காக ஓட்டுக் கேட்கப் போகிறாள் என்பதால் விட்டுவிட்டேன்.

ஒன்பது மணி பஸ் வரவில்லை. பத்து மணிக்கு டீக்கடையில் சொன்னார்கள். மலைப்பாதையில் மேல் வளைவில் பாறை சரிந்து, மரமும் சாய்ந்து, இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் வர முடியாது. ஜீப் டிரைவரின் செல்போனுக்கு அடித்தேன். ஒரு பெண் மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பொருளாக இருக்கும். என் மனைவி அப்போது எல்லா வகையிலும் தொடர்பு எல்லைக்கு வெளியேதான் இருந்தாள்.

இரண்டு மணிக்குப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். தேர்தல் அதிகாரியாகவும் இருந்த செயல் அலுவலர் ஒரு காலத்தில் என்னிடம் இளநிலை உதவியாளராக இருந்தவர். நாற்காலி போட்டு, டீ வாங்கி வந்து வைத்தார். வாபஸ் படிவம் பூர்த்தி செய்து என் கையில் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் இல்லை. முந்தின நாளே வாங்கி வைத்திருக்கலாம். கணவன் கொண்டுவந்து கொடுத்தால் மிரட்டி வாங்கிவிட்டான் என்று உரக்கடைக்காரர் புகார் கொடுப்பார், அவளே அதிகாரி முன்னால் போடட்டும் என்று நினைத்திருந்தேன்.

செயல் அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "சார், அம்மா கையெழுத்து நீங்க பாக்காததா? அஞ்சு வருசமா எல்லாப் பேப்பரும் நீங்கதான கொண்டுவந்தீக. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன் சார்."

அவரை நான் அப்படிப் பழக்கவில்லை. "வேட்பாளர் நேரில் தர வேண்டும். அல்லது அவர் எழுத்துபூர்வமாக அதிகாரம் கொடுத்தவர் தர வேண்டும்," என்றேன்.

"அது சரிதான் சார்." டீயை என் பக்கம் தள்ளினார். மணி பார்த்தார். "இல்லைன்னா இன்னொண்ணு இருக்கு சார். வேட்பாளர் நேர்ல இருக்காக. படிவமும் இருக்கு. நீங்க வாபஸ் வாங்கிக்கிட்டாப் போதும். வீட்டுக்குள்ள ஒரே மனுதான் நிக்கும்."

மரியாதையாகத்தான் சொன்னார். என் மனு வாபஸ் ஆனால் அவள் ஜெயிப்பாள் என்பது அந்த மரியாதைக்குள் இருந்தது. எனக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் இருந்த எழுத்தர் முதல் வாட்ச்மேன் வரை என்னைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி அடிக்கும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அடித்த பிறகு எழுந்து, "பட்டியலை ஒட்டிவிடுங்கள்," என்றேன்.

அவள் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சரிவைத் தாண்டி நனைந்துகொண்டே நடந்து வந்திருந்தாள். செருப்பில் ஒன்று காணோம். பலகையில் வேட்பாளர் பட்டியலை ஒட்டியிருந்தார்கள் என்று சொன்னேன். அவள் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து இருந்தன.

"அய்யய்யோ," என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று பார்த்தேன். பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாளே அவள் எனக்கு ஓட்டுக் கேட்கக் கிளம்பினாள். எனக்கு எதிராக நிற்கும் வேட்பாளர் எனக்காகத் தெருத் தெருவாகப் போனாள். நானும் கூடப் போனேன். ஒரு வீட்டு வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவியிடம் நின்றாள்.

"ஆத்தா, நான் வாபஸ் வாங்க முடியாமப் போச்சு. எனக்குப் போட்டுறாதீக. மேசை விளக்குக்குப் போடுங்க. சாருக்குத்தான்."

"போடலைடி, ஒனக்குப் போடலை. ஒஞ்சின்னம் என்னா?"

"கத்தரிக்கோலு."

"அது சீட்டுல எங்கன இருக்கும்? மேலயா கீழயா?"

"அது எதுக்கு ஆத்தா ஒங்களுக்கு?"

"தெரியாம அதுல போய் குத்திப்புட்டேன்னா? வெவரமாச் சொல்லு."

மனைவி விவரமாகச் சொன்னாள். நான் மேசை விளக்கு எங்கே இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். கிழவி இடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜீப் டிரைவர் வழியில் வண்டியை நிறுத்தினான். "அய்யா, ஒங்க வீட்டுக்கு ரெண்டு சின்னம் குடுத்துருக்காக. எங்களுக்கு வசதியாப் போச்சு. எதுல குத்துனாலும் ஒங்க வீட்டுக்குத்தான போவுது!"

"மேசை விளக்கு," என்றேன்.

"வெளக்குத்தாங்கய்யா, வெளக்குத்தான்!" என்று சொல்லிவிட்டு அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

வாக்கு எண்ணிக்கை அன்று, கத்தரிக்கோல் கட்டு மேசையில் ஏறிக்கொண்டே போனது. உரக்கடைக்காரர் இரண்டாவது வந்தார். என் டெபாசிட் போயிற்று. அவளுடையது திரும்ப வந்தது. வெற்றிச் சான்றிதழை வாங்க அவளைக் கூப்பிட்டபோது எழுந்திருக்காமல் என்னைப் பார்த்தாள். "போய் வாங்கு," என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன். உரக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துகள் சார், வீட்டுக்கு வந்துருச்சுல்ல," என்றார். இந்த மனிதருக்கு என் வேலைக்காலத்தில் நான் கடை உரிமம் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறேன்.

தோற்ற வேட்பாளருக்கு வழக்குப் போடும் உரிமை உண்டு. காரணங்கள் என்னென்ன என்று புரட்டிப் பார்த்தேன். லஞ்சம், மிரட்டல், மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது என்று நீண்ட பட்டியல். எனக்குப் போடாதே என்று கேட்டு ஜெயிப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் வேறொரு வழி இருந்தது. உறுப்பினர் தலைவருக்கு எழுதி ராஜினாமா செய்யலாம். இடம் காலியாகும். இடைத்தேர்தல் வரும். அதில் நான் நிற்பேன், மாற்று வேட்பாளர் இல்லாமல்.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். சட்டத்தில் இடம் இருப்பதை விளக்கினேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"செஞ்சிருவோம்ங்க. நீங்க எழுதி வைங்க, நான் கையெழுத்துப் போட்டுர்றேன். நெசமாத்தான் சொல்றேன், ஒங்களுக்கு ஆசைன்னா எனக்கு ஒண்ணுமில்லை." கரண்டியை வைத்தாள். "ஆனா அவுகளுக்கு நான் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் வராது. நீங்களே ஜீப்புல போய்ச் சொல்லிருங்க."

ராஜினாமாவை அன்றே எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறந்த வாசகங்களில் அது ஒன்று. அவள் கையெழுத்துப் போட்டாள். தேதியை மட்டும் விட்டு வைத்தேன், பெண்களிடம் சொல்லிவிட்டு வந்து போடலாம் என்று.

ஜீப் நாளில் அவளுக்குப் பதில் நான் தெருமுனையில் போய் நின்றேன். ஜீப் வந்தது. பின்னால் இருந்த பேச்சு நின்றது.

"அய்யாவா? அக்கா வரலையா?"

"நான்தான் வருகிறேன். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்."

"அய்யாவுக்கு முன்னாடி எடம் குடுங்கடி. ஏ, நீ எறங்கிப் பின்னால வா. அய்யா பெரியவுக, பின்னால எப்பிடி உக்காருவாக?"

டிரைவர் பக்கத்தில் இருந்த பெண் இறங்கிப் பின்னால் போனாள். எனக்கு முன்சீட்டு கிடைத்தது. டிரைவர் துண்டால் தட்டித் துடைத்தும் கொடுத்தான். மலை ஏற ஏற எஞ்சின் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்கு நான் எதையும் சொல்ல முடியவில்லை. திரும்பிப் பேசினால் தலை கம்பியில் இடித்தது. ஆனால் அவர்கள் பேசுவது இரைச்சலாகக் கேட்டது. யாருடைய மாமியாரோ, எந்தக் கங்காணியோ, எதற்கோ சிரித்தார்கள். இரண்டு வளைவுக்குப் பிறகு ஏதோ ஒரு முடிவுக்கு வந்தார்கள் போல, "அப்படியே சொல்லிருவோம் அக்காகிட்ட," என்று ஒருத்தி சொன்னாள். என்ன முடிவு என்று நான் திரும்பிக் கேட்டேன். "ஒண்ணுமில்லைங்கய்யா, சும்மாதான்."

குமுளியில் டீக்கு நிறுத்தினார்கள். இறங்கி நின்று சொன்னேன். கவுன்சிலர் ராஜினாமா செய்யப் போகிறார், மறுபடியும் தேர்தல் வரும், நான் நிற்பேன். ஒருவரும் டீயைக் குடிக்கவில்லை.

"அக்காவுக்கு ஒடம்புக்கு முடியலையாங்கய்யா?"

"நன்றாகத்தான் இருக்கிறாள்."

"வீட்டுல சண்டையா?"

"இல்லை."

"பெறகு எதுக்கு?"

"காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இல்லை."

"சட்டத்துக்குச் சொல்ல வேணாம். எங்களுக்குச் சொல்லலாம்ல?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளவயதுப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். முகத்தில் கேலி கொஞ்சமும் இல்லை, அதுதான் கஷ்டம்.

"அய்யா, மறுக்கா எலெக்சன் வந்தா அக்கா பேரு சீட்டுல இருக்குமா?"

"இருக்காது."

"போன தடவை நீங்கதான் எழுதிப் போட்டீகளாம். அது மாதிரி இந்தத் தடவையும் ஒண்ணு எழுதிப் போட்டுருங்க அய்யா. எதுக்கும் கெடக்கட்டும்."

"ஆமாங்கய்யா," என்றார்கள் மற்றவர்கள். "நீங்களும் நில்லுங்க. நாங்க வேணாங்கலை."

டிரைவர் ஹாரன் அடித்தான். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஏறினார்கள். காலியான முன்சீட்டில் யாரும் உட்காரவில்லை, எல்லோரும் பின்னாலேயே நெருக்கிக்கொண்டார்கள். ஜீப் தோட்டத்துப் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் சிரிப்பு கேட்டது. என்னைப் பற்றித்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. என்னைப் பற்றி இல்லாமல் இருந்தால் அது இன்னும் மோசம்.

ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கினேன். மனைவி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் பென்ஷன் விஷயமாக ஒருவர் காத்திருந்தார்.

"சொல்லிட்டீகளா?"

"கோரத்துக்கு உறுப்பினர்கள் போதவில்லை," என்றேன். "கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்திருந்தால் அன்றைக்கே தேதியைப் போட்டிருப்பேன். இல்லை. துண்டை எடுத்து நீட்டினாள்.

"தலையைத் துவட்டுங்க, பனி. அந்தக் கடுதாசியை என்ன செய்யட்டும்?"

"இருக்கட்டும். தேதி அப்புறம் போட்டுக்கொள்ளலாம்."

தேதி இல்லாத ராஜினாமாவை எந்தத் தலைவரும் ஏற்க முடியாது. அது எனக்குத் தெரியும். "அதுவும் சரித்தாங்க, தேதி இல்லாம அது செல்லாதுல்ல," என்று சொல்லிவிட்டு அவள் பென்ஷன்காரரிடம் போனாள். அவளுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.